ப்ளக் சொருகினால் புகை வருமா?

(சைவ நண்பர்கள் தாராளமாகத் தாண்டிப் போகலாம். போக மனமில்லை என்றால் "இறைச்சி" என்று வரும் இடங்களில் "சீஸ்" என்று போட்டுப் படித்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் அதற்கும் புகை போடுகிறார்கள்!)

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் லாக்ஹார்ட் என்று ஒரு சின்ன ஊர். 1999-ல் அந்த மாநிலச் சட்டமன்றத்தின் பிரதிநிதிகள் சபை இந்த ஊரை டெக்சாஸின் பார்பிக்யூ தலைநகர் என்று தீர்மானமே போட்டிருக்கிறது. 1900-ல் தொடங்கிய க்ரைட்ஸ் மார்க்கெட், 1932-ல் தொடங்கிய ப்ளாக்ஸ் என்று தலைமுறைகள் கடந்த கடைகள் இங்கே உண்டு. செங்கல்லில் கட்டிய நீளமான அடுப்பு. ஒரு முனையில் ஓக் விறகு எரியும். சூடும் புகையும் இறைச்சியைத் தாண்டிப் போய் மறுமுனைப் புகைப்போக்கி வழியாக வெளியேறும். நெருப்பு இறைச்சியை நேரடியாகத் தொடாது. பக்கத்தில் ஓர் ஆள் இருந்து, விறகு தள்ளி, காற்றுக் கதவைத் திறந்து மூடி, மணிக்கணக்கில் காவல் இருப்பார்.

இந்தக் காவல்தான் விஷயமே. புகையில் வேகவைக்கும் கலைக்கு ஆகும் செலவில் பெரிய செலவு மனிதனின் நேரம். அந்த நேரம் இல்லாதவர்களுக்காக வந்ததுதான் மின்சார ஸ்மோக்கர். ப்ளக்கைச் சொருகு, சூட்டைக் குறித்துவிடு, வேறு வேலையைப் பார் என்பதுதான் அதன் வாக்குறுதி. அந்த வாக்குறுதியை எந்தப் பெட்டி எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்று பார்த்து வாங்குவதுதான் சாமர்த்தியம். கடைக்குப் போனால் கண்ணாடிக் கதவு, நீல விளக்கு, செல்போன் ஆப் என்று எதையெதையோ காட்டி மனசைக் கலைத்துவிடுவார்கள்.

ஏன் இவ்வளவு நேரம்?

மாட்டின் நெஞ்சுக்கறி (அங்கே பிரிஸ்கெட் என்பார்கள்), பன்றியின் தோள்கறி இரண்டும் விலங்கு தன் எடையைத் தாங்க ஓயாமல் உழைக்கும் தசைகள். கொலாஜன் என்ற நார்ப்பொருள் அதிகம். சட்டென்று வேகவைத்தால் செருப்புத் தோல் மாதிரி இருக்கும். அதனால்தான் ஒரு காலத்தில் இவை மலிவாகக் கிடைத்தன. ஆனால் இறைச்சியின் உள்சூடு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டி மணிக்கணக்கில் நின்றால் கொலாஜன் கரைந்து ஜெலட்டின் ஆகிவிடும். கறி நூல் நூலாகப் பிரியும். இது நடக்க அடுப்பின் சூடு 225 முதல் 250 டிகிரி ஃபாரன்ஹீட் (107 முதல் 121 செல்சியஸ்) இருந்தால் வசதி.

நடுவில் ஒரு வேடிக்கை. உள்சூடு 150, 160 ஃபாரன்ஹீட் வந்ததும் சில மணி நேரம் ஏறவே ஏறாது. புதிதாகச் சமைப்பவர் பெட்டி பழுதாகிவிட்டது என்று பதறுவார். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறதோ அதே காரணம்தான். கறியின் மேற்பரப்பில் கசியும் ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஈரம் குறைந்த பிறகு மறுபடி ஏறும். பொறுமை இல்லாதவர்கள் இந்தக் கட்டத்தில் கறியை அலுமினியத் தாளில் சுற்றிவிடுவார்கள். ஆவி வெளியே போகாது, வேலையும் சீக்கிரம் முடியும்.

கணக்குப் பார்த்தால், 8 பவுண்டு (சுமார் 3.6 கிலோ) தோள்கறி 225 ஃபாரன்ஹீட்டில் வேக 12 முதல் 16 மணி நேரம் ஆகும். யாரால் உட்கார முடியும்?

மூன்று பேர்

மூன்று பேரைக் கற்பனை செய்துகொள்ளலாம். மூன்று பேருக்கும் ஸ்மோக்கர் வேண்டும்.

முதலாமவர் கான்சஸ் சிட்டியில் ஒரு நர்ஸ். மாலை 7 முதல் காலை 7 வரை இரவுப் பணி. வாரத்தில் ஒருநாளாவது குழந்தைகளுக்கும் வயதான அம்மாவுக்கும் பொறுமையாகச் சமைத்துப் போட ஆசை. ஆனால் பகலில் தூங்கியே ஆக வேண்டும்.

இரண்டாமவர் ஓரிகன் மாநிலத்தில் ஆற்றங்கரையில் வசிப்பவர். சால்மன் பிடிப்பார். பருவத்தில் கிடைப்பதைப் புகை போட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாமவர் ஹூஸ்டனில் மூன்றாவது மாடிக் குடியிருப்பில் இருக்கும் மாணவர். நாலடிக்கு ஆறடி பால்கனி. ஊரெல்லாம் மணக்கும் பிரிஸ்கெட்டை வீட்டிலேயே செய்து பார்க்க ஆசை. (மாணவர்களின் ஆசைக்கும் பால்கனிக்கும் என்றைக்குமே பொருந்தாது! :-))

மூவரும் ஒரே பெட்டியை வாங்கினால் இரண்டு பேராவது ஏமாறுவார்கள். ஏன் என்று தெரிய பெட்டிக்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. சின்ன ஃப்ரிட்ஜ் மாதிரி ஓர் இரும்புப் பெட்டி. அடியில் ஹீட்டர் காயில். காயிலுக்கு மேலோ பக்கத்திலோ மரச்சில்லுகள் போட ஒரு தட்டு. அதற்கு மேல் தண்ணீர்க் கிண்ணம். அப்புறம் வரிசையாகக் கம்பித் தட்டுகள். உச்சியில் புகை வெளியேற ஒரு துளை. காயில் சூடானால் சில்லு கனன்று புகையும். சூடு போதுமான அளவு வந்ததும் தெர்மோஸ்டாட் காயிலை அணைக்கும், குறைந்தால் மறுபடி போடும். இஸ்திரிப் பெட்டியில் "டிக்" என்று விளக்கு அணைந்து எரிகிறதே, அதே சங்கதி.

இதோடு பலரும் குழப்பிக்கொள்வது பெல்லட் அடுப்பு. அதற்கும் ப்ளக் உண்டு. ஆனால் அங்கே மின்சாரம் செய்வது எடுபிடி வேலைதான். அழுத்திய மரத்தூள் குச்சிகளை ஒரு திருகு மெல்ல நெருப்புக்குள் தள்ளும், ஒரு விசிறி ஊதும். சூடு முழுக்க மரம் எரிவதால் வருவது. ஓரிகனின் மவுண்ட் ஏஞ்சல் ஊரில் ட்ரேகர் குடும்பம் உருவாக்கி 1986-ல் காப்புரிமை பெற்றது இந்த முறை. மின்சார ஸ்மோக்கரில் சூடு தருவது காயில், மரம் வாசனைக்கு மட்டும். விலையிலும் ருசியிலும் வித்தியாசம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

கிடைக்காதது என்ன?

விற்பவர் சொல்லாததை முதலில் சொல்லிவிடுவது நல்லது.

ஒன்று, விறகில் வெந்த கறியை வெட்டினால் ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு வளையம் தெரியும். விறகு எரியும்போது உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் கறியின் நிறமியோடு சேர்வதால் வருவது அது. மின்சாரப் பெட்டியில் மரம் கனலத்தான் செய்கிறது, கொழுந்துவிட்டு எரிவதில்லை. அதனால் வளையம் லேசாக வரும் அல்லது வரவே வராது. ஆனால் அந்த வளையத்துக்கு ருசி கிடையாது. கான்சஸ் சிட்டி பார்பிக்யூ சொசைட்டி நடத்தும் போட்டிகளில் வளையத்தை மதிப்பெண்ணுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது என்றே நடுவர்களுக்குச் சொல்கிறார்கள், ஏனென்றால் அதை உப்பு தடவிப் போலியாகவே கொண்டுவந்துவிடலாம். (அதே சொசைட்டி, மின்சாரச் சூட்டில் வெந்த கறியைப் போட்டிக்குள்ளேயே விடுவதில்லை. விறகு, கரி, பெல்லட் மட்டும்தான்!)

இரண்டு, மேல்தோடு. மின்சாரப் பெட்டிக்குள் எரிவதற்குக் காற்று தேவையில்லாததால் காற்றோட்டம் குறைவு, ஈரம் அதிகம். கறி காயாமல் இருப்பது நல்லதுதான். ஆனால் மொறுமொறுப்பான கறுத்த தோடு வராது. கோழியின் தோல் ரப்பர் மாதிரி இழுக்கும். பெரும்பாலான வீட்டு மாடல்கள் 275 ஃபாரன்ஹீட்டுக்கு (135 செல்சியஸ்) மேல் போகாது. தோல் மொறுமொறுக்க அது போதாது. கடைசியில் கோழியைச் சமையலறை ஓவனில் பத்து நிமிடம் அதிகச் சூட்டில் காட்டி எடுக்க வேண்டும்.

இந்த இரண்டும் பெரிய குறையாகத் தெரிந்தால் மின்சார ஸ்மோக்கர் பக்கமே போக வேண்டாம். காசும் மிச்சம், சண்டையும் மிச்சம்.

டேப்போடு கடைக்குப் போங்கள்

விளம்பரத்தில் "700 சதுர அங்குலம்" என்று போட்டிருக்கும். எல்லாத் தட்டுகளின் பரப்பையும் கூட்டிச் சொல்வது அது. ஒரு தட்டு எவ்வளவு அகலம் என்பதுதான் கேள்வி. "30 அங்குல மாடல்" என்பது உயரத்தைக் குறிப்பது. உள்ளே தட்டு ஏறக்குறைய 14 அங்குலம்தான் இருக்கும். முழு பிரிஸ்கெட் 12 முதல் 16 பவுண்டு எடையும் ஒன்றரை அடிக்குக் குறையாத நீளமும் இருக்கும். அதை அந்தப் பெட்டிக்குள் மடக்கித்தான் திணிக்க வேண்டும் அல்லது வெட்ட வேண்டும். விலா எலும்பு வரிசைக்கும் அதே கதி. 40 அங்குல மாடலில் தட்டு அகலம். ஆனால் பெரிய பெட்டி சூடாக அதிக நேரம் ஆகும், வைக்க இடமும் வேண்டும்.

வீட்டில் நாலைந்து பேர், மாதம் ஒருமுறை தோள்கறியோ கோழியோ என்றால் 30 போதும். வருஷத்தில் ஒருநாள் வரும் விருந்துக்காக 40 வாங்குவது, தீபாவளிக்கு வரும் உறவினர்களுக்காக வருஷம் முழுக்கப் பெரிய வீட்டுக்கு வாடகை கொடுக்கிற மாதிரி.

சூடு உண்மையா, பொய்யா?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். காவல் இருக்கும் ஆளின் வேலையை இங்கே செய்வது தெர்மோஸ்டாட். அது பொய் சொன்னால் என்ன ஆகும்?

விலை குறைந்த பெட்டிகளில் ஒரு திருகு மட்டும் இருக்கும். "குறைவு, நடுத்தரம், அதிகம்" என்று எழுதியிருக்கும். டிகிரி கிடையாது. வெயில் நாளில் ஒரு சூடு, பனி நாளில் வேறு சூடு. டிஜிட்டல் மாடலில் எண்ணை அழுத்தி வைக்கலாம். ஆனால் 225 என்று காட்டும்போது உள்ளே சூடு மேலும் கீழுமாக ஊசலாடிக்கொண்டே இருக்கும். அளக்கும் முனை பின்சுவரில் ஒரே இடத்தில் இருக்கிறது, கறி இருக்கும் இடம் வேறு. காயிலுக்கு நேர் மேலே ஒரு சூடு, எதிர் மூலையில் ஒரு சூடு.

ஆகவே எந்தப் பெட்டி வாங்கினாலும் தனியாக ஒரு ஊசி வெப்பமானி வாங்கியே தீர வேண்டும். இரண்டு ஊசி உள்ளது நல்லது. ஒன்று கறிக்குள், ஒன்று கறிக்குப் பக்கத்தில் தட்டில். தூரத்தில் இருந்தே பார்க்கவும், சூடு இறங்கினால் அலறவும் வசதி இருக்க வேண்டும். அந்த வெப்பமானியும் சரியா என்று பார்க்கச் சுலபமான வழி இருக்கிறது. நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்ததில் வைத்தால் 0 செல்சியஸ் காட்ட வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் 100 காட்ட வேண்டும். ஆனால் டென்வர்காரர்கள் 100-ஐ எதிர்பார்க்கக் கூடாது. கடல் மட்டத்துக்கு 5,280 அடி உயரத்தில் இருக்கும் அந்த ஊரில் தண்ணீர் 95-ஐ ஒட்டியே கொதித்துவிடும்.

இதில் இவ்வளவு கறார் எதற்கு? ருசிக்காக மட்டும் இல்லை. அமெரிக்க விவசாயத் துறை 40 முதல் 140 ஃபாரன்ஹீட் (4 முதல் 60 செல்சியஸ்) வரையுள்ள சூட்டை ஆபத்தான எல்லை என்கிறது. கிருமிகள் மளமளவென்று பெருகும் சூடு அது. சமைக்கத் தொடங்கும்போது பெட்டி 225-க்கு வந்த பிறகே கறியை வைக்க வேண்டும். கறியும் உறைந்திருக்கக் கூடாது. கோழி 165 ஃபாரன்ஹீட் (74 செல்சியஸ்), கொத்துக்கறி 160 (71), முழுத்துண்டு மாடு, பன்றி 145 (63) என்று உள்சூட்டுக்கு அந்தத் துறை எல்லை வைத்திருக்கிறது. கடைசியில் சொன்னதற்கு அடுப்பிலிருந்து எடுத்து மூன்று நிமிடம் ஆறவிடுவதும் சேர்த்தி.

மற்றொன்று, பல டிஜிட்டல் மாடல்கள் மின்சாரம் ஒரு நொடி போய் வந்தால் அணைந்தபடியே இருக்கும், தானாகத் தொடங்காது. நமது நர்ஸ் காலை 9 மணிக்குக் கறியை வைத்துவிட்டுத் தூங்குகிறார். 10 மணிக்கு மின்சாரம் கண் சிமிட்டியது. மாலை எழுந்து பார்க்கும்போது கறி ஆறு மணி நேரமாக வெதுவெதுப்பில் கிடந்திருக்கிறது. மறுபடி சூடாக்கினால் சரியாகிவிடாதா? ஆகாது. சில கிருமிகள் விட்டுப்போகும் நஞ்சு சூட்டுக்கு அசைவதில்லை. அந்தக் கறி குப்பைக்குத்தான் போக வேண்டும். குழந்தையும் வயதான அம்மாவும் சாப்பிடும் வீட்டில் இதில் தயவு தாட்சண்யமே கிடையாது. "மின்சாரம் போய் வந்தால் என்ன செய்யும்?" என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. ஆச்சரியமாக, சாதாரணத் திருகு மாடல் இதில் ஜெயிக்கும். மின்சாரம் வந்ததும் விட்ட இடத்தில் தொடங்கிவிடும்!

புகை வரும் வழி

சூடும் புகையும் ஒரே காயிலில் இருந்து வருவதால் ஒரு சிக்கல் உண்டு. பெட்டியின் சுவரில் வெப்பக் காப்பு நன்றாக இருந்தால் சூடு வெளியே போகாது. சூடு போகாவிட்டால் காயில் அடிக்கடி எரிய வேண்டியதில்லை. காயில் எரியாவிட்டால் சில்லு புகையாது! ஆகவே நல்ல பெட்டியில், ஹூஸ்டன் வெயிலில், குறைந்த சூட்டில் வைத்தால் புகை நின்று நின்று வரும். மினசோட்டா குளிரில் அதே பெட்டி நன்றாகப் புகையும். ஆனால் குளிர் நாட்டில் காப்பு இல்லாத மெல்லிய தகரப்பெட்டி சூடே ஏறாமல் திணறும்.

இதற்கு இரண்டு வழி. கனடாவின் பிராட்லி நிறுவனம் புகைக்கென்றே தனிக் காயில் வைத்திருக்கிறது. அழுத்திய மரத்தூள் வில்லைகளை 20 நிமிடத்துக்கு ஒன்றாக இயந்திரமே தள்ளும். எரிந்தது தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்து அணையும். வசதிதான். ஆனால் அந்த வில்லையையே தொடர்ந்து வாங்க வேண்டும். பிரிண்டர் மலிவு, மை விலை தெரியும் அல்லவா? இரண்டாவது வழி, துளையிட்ட எஃகுக் குழாயில் பெல்லட் நிரப்பி ஒரு முனையில் பற்றவைத்துப் பெட்டிக்குள் வைத்துவிடுவது. ஓரடிக் குழாய் சுமார் நான்கு மணி நேரம் புகையும். சாதாரணப் பெட்டிக்கும் பொருந்தும். சில்லு தட்டு உள்ள மாடலே வாங்குவதாக இருந்தால், கதவைத் திறக்காமல் வெளியிலிருந்தே சில்லு போடும் வசதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் சேர்த்த சூடு ஓடிவிடும்.

மரத்தில் ஹிக்கரியும் ஓக்கும் காரமான மணம், ஆப்பிளும் செர்ரியும் மென்மை, மெஸ்கீட் முரட்டு மணம். பைன் போன்ற பிசின் மரம் கூடாது. பெயின்ட் அடித்த, மருந்து போட்ட பலகை கூடவே கூடாது. சில்லை ஊறவைக்கத் தேவையில்லை, ஈரம் ஆவியாகும் வரை நேரம்தான் வீண். புகை மெல்லிய நீலமாக வந்தால் சரி. அடர்ந்த வெள்ளையாகக் குபுகுபுவென்று வந்தால் கறி கசக்கும்.

மாசிக் கருவாடு ருசித்தவர்களுக்கு இந்த மணம் புதிதில்லை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. மாசி நாள்கணக்கில் கெடாமல் இருப்பது அவித்து, புகையிட்டு, கல் மாதிரி காயவைப்பதால். வீட்டு ஸ்மோக்கரில் சில மணி நேரம் வைத்த மீனும் கறியும் அப்படி இல்லை. அவை சமைத்த உணவுதான், ஃப்ரிட்ஜில்தான் இருக்க வேண்டும். ஓரிகன், வாஷிங்டன், ஐடஹோ மாநிலப் பல்கலைக்கழகங்களின் விரிவாக்கத் துறைகள் வீட்டில் மீன் புகைப்பவர்களுக்குச் சொல்வது, மீனின் உள்சூடு 150 ஃபாரன்ஹீட் (66 செல்சியஸ்) வந்து அரை மணி நேரம் நிற்க வேண்டும் என்பது. இல்லாவிட்டால் சமையலறை ஓவனில் வைத்து முடிக்க வேண்டும்.

சில்லறை விஷயங்கள் (ஆனால் சில்லறை இல்லை)

காயிலை மாற்ற முடியுமா? ஸ்மோக்கரில் முதலில் உயிரை விடுவது காயிலும் அதன் வயர் முனையும்தான். பின்பக்கம் ஒரு சின்ன மூடியைக் கழற்றி மாற்றும்படி இருந்தால் பெட்டி பல வருஷம் வரும். முழு அடிப்பாகத்தையும் பிரிக்க வேண்டுமென்றால் பெட்டியே குப்பை.

கதவு இறுக மூடுகிறதா, ஓரத்தில் ரப்பர் பட்டை இருக்கிறதா, எண்ணெய் வடியும் தட்டு தனியாக வெளியே வருமா என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். தேங்கிய கொழுப்பு தீப்பிடிக்கும். வாங்கியதும் காலிப் பெட்டியை அதிகச் சூட்டில் மூன்று மணி நேரம் ஓடவிட்டால் தொழிற்சாலை எண்ணெய் எரிந்துபோகும்.

மின்சாரக் கணக்கு சுலபம். 800 வாட் பெட்டி 120 வோல்ட்டில் 7 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். அதே லைனில் வேறு பெரிய கருவி ஓடினால் ஃபியூஸ் விழும், கறி பாழ். மின்கசிவு வந்தால் தானே அணையும் பாதுகாப்புள்ள வெளிப்புறப் ப்ளக்கில்தான் சொருக வேண்டும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் கூடாது. பத்து மணி நேரத்தில் பாதி நேரம் காயில் எரிகிறது என்றால் 4 யூனிட். யூனிட் 17 சென்ட் என்று வைத்தால் மொத்தம் 68 சென்ட். கறி விலைக்கு முன்னால் இது கொசுறு.

மின்சாரம்தானே என்று வீட்டுக்குள்ளோ கராஜிலோ வைக்கக் கூடாது. மரம் கனன்றால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனையும் கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது. 2024-ல் ஜி.இ. நிறுவனம் வீட்டுக்குள் வைக்கவென்றே புகையை வடிகட்டும் ஸ்மோக்கரைக் கொண்டுவந்தது. அப்போதே விலை ஆயிரம் டாலரை ஒட்டி. சாதாரணப் பெட்டிக்கு அந்தத் தகுதி இல்லை.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. அதன் விளக்கத்தில் உப்பிடுதலோடு புகையிடுதலும் இருக்கிறது. தினசரிச் சாப்பாட்டுக்கு இது உகந்ததல்ல, எப்போதாவது செய்யும் விருந்து. பெட்டியின் அளவைத் தீர்மானிக்க இதுவும் ஒரு காரணம்.

சரி, யார் எதை வாங்கலாம்?

ஓரிகன்காரருக்கு ஆடம்பரம் தேவையில்லை. 1960களில் இருந்து அவர் மாநிலத்திலேயே ஹூட் ரிவர் ஊரில் செய்யப்பட்டுப் பிரபலமான லிட்டில் சீஃப் போன்ற எளிய பெட்டி போதும். தெர்மோஸ்டாட் இல்லை, சுமார் 165 ஃபாரன்ஹீட் சூடுதான் தரும். மீனைப் புகைத்து உலர்த்த அது சரி. உள்சூட்டை அளந்து, குறைந்தால் ஓவனில் முடிக்க வேண்டும். ஆனால் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் பிரிஸ்கெட்டுக்காக அதையே வாங்கினால் விடிந்தாலும் வேகாது!

ஹூஸ்டன் மாணவர் முதலில் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் படிக்க வேண்டும். அமெரிக்க நகரங்கள் பல பின்பற்றும் தீயணைப்பு விதி, அடுக்கு வீடுகளின் எரியக்கூடிய பால்கனியில், கட்டடத்திலிருந்து 10 அடிக்குள், கரியும் நெருப்பும் உள்ள அடுப்புகளைத் தடுக்கிறது. மின்சாரம் என்பதால் விதி தொடாது என்று வாதாடலாம். ஆனால் சில்லு கனல்கிறது, கொழுப்பு சொட்டுகிறது, புகை மாடி வீட்டு ஜன்னலுக்குள் போகிறது. வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதம் கொடுக்காமல் வாங்கினால் பெட்டிக் காசும் போகும், முன்பணமும் போகும். அவருக்கு இப்போதைக்குச் சரியான ஸ்மோக்கர், முற்றம் உள்ள நண்பர்தான்.

நர்ஸுக்குத்தான் மின்சார ஸ்மோக்கர் உண்மையில் பிறந்திருக்கிறது. வெப்பக் காப்புள்ள 30 அங்குலப் பெட்டி, வெளியிலிருந்து சில்லு போடும் வசதி, தனியாக அலறும் வெப்பமானி. விலை சில நூறு டாலர். 8 பவுண்டுத் தோள்கறியை முழுதாக வைக்காமல் இரண்டாக வெட்டி 4 பவுண்டாக வைத்தால் ஏழெட்டு மணி நேரத்தில் 195, 200 ஃபாரன்ஹீட்டுக்கு வந்துவிடும். ஒரு தூக்கத்தின் அளவு அது. கருவியோடு வரும் புத்தகங்கள் ஆளில்லாமல் விடாதே என்றுதான் சொல்கின்றன. அதனால் அவர் தூங்கும் நேரத்தில் வீட்டில் விழித்திருக்கும் ஒருவர் அவ்வப்போது எட்டிப் பார்ப்பது நல்லது. அம்மா இருக்கிறாரே!

லாக்ஹார்ட் கடைக்காரர் இந்தக் கறியைப் பார்த்தால் வளையம் எங்கே என்று கேட்கலாம். போட்டி நடுவர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். மாலை ஆறு மணிக்கு, பணிக்குக் கிளம்பும் முன், அந்த வீட்டில் நான்கு பேர் உட்கார்ந்து நூல் நூலாகப் பிரியும் கறியைச் சாப்பிடுவார்கள். விறகு அடுப்பு மட்டும்தான் உண்டு என்றால் அந்த வீட்டில் அந்தச் சாப்பாடே இருந்திருக்காது.